பழைய எல்டிஓ டேப்பைப் படிக்கப் போனால் ‘கேனாட் அலொகேட் மெமரி’ என்று வருகிறது, டேப் போய்விட்டதா?

கேள்வி இதுதான்: 2013-இல் எழுதிய எல்டிஓ-5 டேப்புகள் (பேக்கப் எடுக்கும் காந்த நாடாக் கார்ட்ரிட்ஜ், ஐந்தாம் தலைமுறை) ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, லினக்ஸில் டார் (கோப்புகளைத் தொகுத்து எழுதவும் படிக்கவும் உதவும் கட்டளை) போட்டுப் படித்தால் மேலே சொன்ன பிழை வந்து நின்றுவிடுகிறது, கட்டளை வரியிலேயே சோதிக்க வழி உண்டா?

உண்டு. டேப் பெரும்பாலும் கெட்டிருக்காது. தயவுசெய்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், ‘எழுதுகிறதா பார்ப்போம்’ என்று அதில் எதையும் எழுதிவிடாதீர்கள். தொடக்கத்தில் ஒரு சின்னக் கோப்பை எழுதினாலே போதும், தரவு இங்கே முடிந்தது என்று டிரைவ் அதன் பின்னால் குறி வைத்துவிடும், அதற்கப்புறம் இருப்பதெல்லாம் டேப்பில் அப்படியே இருந்தாலும் சாதாரண வழியில் எட்டாது. அதனால் முதல் வேலையாகக் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழைத் தள்ளி எழுத முடியாமல் பூட்டுங்கள்.

இனி எம்டி (mt), டேப் டிரைவை இயக்கும் கட்டளை. எம்டி-எஸ்டி (mt-st) என்ற பொதியில் வரும். கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிப்பாக எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 ஸ்டேட்டஸ் (mt -f /dev/nst0 status)

இது டேப்பைத் தொந்தரவு செய்யாது, நிலையை மட்டும் சொல்லும். டென்சிட்டி கோட் 0x58 என்று இருந்தால் உள்ளே இருப்பது எல்டிஓ-5. கடைசி வரியில் பிஓடி என்றால் டேப் தொடக்கத்தில் நிற்கிறது, ஆன்லைன் என்றால் டிரைவ் தயார், டபிள்யூஆர்_புரோட் என்றால் நீங்கள் தள்ளிய தாழ் வேலை செய்கிறது. டிஆர்_ஓபன் வந்தால் டிரைவுக்குள் டேப்பே ஏறவில்லை, கேபிளையோ மென்பொருளையோ குறை சொல்வதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

சாதனப் பெயரில் ‘என்’ இருப்பதைக் கவனித்தீர்களா? எஸ்டி0 என்று கொடுத்தால் ஒவ்வொரு கமாண்ட் முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும், என்எஸ்டி0 என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இரவு ஓடும் ஸ்கிரிப்ட் மூன்று டைரக்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக எஸ்டி0-க்கு எழுதிக்கொண்டிருந்தது. இரண்டாவது முதலாவதின் மேல் போய் உட்கார்ந்தது, மூன்றாவது இரண்டாவதின் மேல். மூன்றுமே வெற்றி என்றுதான் லாகில் தினமும் பதிவாகும். டேட்டாபேஸை மீட்க வேண்டிய நாளில்தான் டேப்பில் கடைசி டைரக்டரி மட்டும் இருப்பது தெரிந்தது, மாதக்கணக்கான டேப்புகள் எல்லாமே அப்படி. அன்றிலிருந்து எழுதிய டேப்பைத் திருப்பிப் படித்துப் பார்க்காமல் அலமாரியில் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

சரி, உங்கள் பிழைக்கு வருவோம். டார் சாதாரணமாக ஒரு தடவைக்கு 10240 பைட் கேட்கும். எழுதியவர் பெரிய பிளாக்கில் (ஒரே வீச்சில் எழுதும் தரவுத் துண்டு) எழுதியிருந்தால் டிரைவ் முழு பிளாக்கைத்தான் கொடுக்க முடியும், அது அந்த இடத்தில் அடங்காது, உடனே கெர்னல் மெமரி போதவில்லை என்கிறது. உங்கள் சர்வரின் ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) அடித்துப் பாருங்கள், 262144 பைட் பிளாக்கை 10240 பைட்டில் படிக்க முடியவில்லை என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், விடை அங்கேயே கிடைத்துவிடும். இல்லையென்றால் ரீவைண்ட் செய்து, எம்டி-யில் செட்பிளாக் 0 (setblk 0) கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பிளாக்கைப் படித்து எங்கும் சேமிக்காமல் விடும் இதை ஓட்டுங்கள்:

டிடி இஃப்=/டெவ்/என்எஸ்டி0 ஓஎஃப்=/டெவ்/நல் பிஎஸ்=1எம் கவுண்ட்=1 (dd if=/dev/nst0 of=/dev/null bs=1M count=1)

வரும் பதிலில் எத்தனை பைட் நகர்ந்தது என்று இருக்கும். அதுதான் பிளாக் அளவு. 262144 என்று வந்தால் 512-ஆல் வகுங்கள், 512 கிடைக்கும். மறுபடி ரீவைண்ட் செய்து டாருக்கு -பி 512 (-b 512) கொடுங்கள், பட்டியல் ஓடத் தொடங்கும். அப்படியும் ஓடவில்லை என்றால் அது டார் எழுதிய டேப்பாக இல்லாமல் வேறு பேக்கப் மென்பொருள் எழுதியதாக இருக்கலாம், அதற்கு அந்த மென்பொருள்தான் வேண்டும்.

ஒரு டேப்பில் பல தொகுப்புகள் இருந்தால் எம்டி எஃப்எஸ்எஃப் 1 (fsf 1) கொடுத்து அடுத்ததுக்குத் தாண்டலாம். முழுவதையும் சோதிக்க, டிடி-யில் கவுண்ட் இல்லாமல் /டெவ்/நல்லுக்குப் படிக்க விடுங்கள், தொகுப்புகளைப் பிரிக்கும் ஒரு குறியிலிருந்து அடுத்த குறி வரை படித்து நிற்கும். 1.5 டெராபைட் நிறைந்த டேப் நொடிக்கு 140 மெகாபைட்டில் முடிய ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். இது பிழையில்லாமல் முடிந்தால் டேப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், உள்ளே இருக்கும் பேக்கப் சரியானது என்று அர்த்தம் இல்லை, அதற்கு இரண்டு மூன்று கோப்புகளையாவது வெளியே எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும்.

நடுவில் இன்புட்-அவுட்புட் எரர் வந்தால்தான் உண்மையான கவலை. டிரைவின் பதிவுகளைப் படிக்கும் எஸ்ஜி_லாக்ஸ் (sg_logs) கமாண்டில் 0x2e பக்கத்தைக் கேளுங்கள், டேப்அலர்ட் எனப்படும் எச்சரிக்கைக் கொடிகள் வரும். 20-ஆவது கொடி உயர்ந்திருந்தால் டிரைவ் சுத்தம் கேட்கிறது, 4-ஆவது என்றால் டேப்பின் மேல் சந்தேகப்படுகிறது. பல டிரைவுகளில் ஒரு முறை படித்ததுமே அந்தக் கொடிகள் இறங்கிவிடும், அதனால் வந்ததை அப்படியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே டேப் இரண்டு டிரைவிலும் தகராறு செய்தால் டேப்பில் கோளாறு, பல டேப்புகள் ஒரே டிரைவில் மட்டும் தகராறு செய்தால் டிரைவில் கோளாறு. இரண்டாவது ரகம் என்று தோன்றினால் வேறு நகல் இல்லாத டேப்பை அதில் போடவே போடாதீர்கள், டிரைவே டேப்பைப் பாழாக்கிவிடும்.

இணையத்தில் தேடினால் பாக்குலா என்ற பேக்கப் மென்பொருளின் பிடேப், ஐபிஎம்மின் ஐடிடிடி என்றெல்லாம் சோதனைக் கருவிகள் வரும். நல்ல கருவிகள்தான், ஆனால் அவற்றில் எழுதிப் பார்க்கும் சோதனைகளும் உண்டு, காலி டேப்பில் மட்டும் ஓட்டுங்கள்.

அப்புறம், பழைய டிரைவை மாற்றும் பேச்சு அலுவலகத்தில் வந்தால் எல்டிஓ-7-ஐத் தாண்டவிடாதீர்கள். எல்டிஓ-5-ஐப் படிக்கும் கடைசித் தலைமுறை அதுதான், எல்டிஓ-8 அதைத் தொடாது. பெட்டியில் இருக்கும் கடைசி டேப்பை நகலெடுத்து முடிக்கும் வரை இப்போதிருக்கும் டிரைவை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.