நாற்காலி கிடைத்தது, படிக்கட்டு அப்படியே இருந்தது

கேள்வி: சிங்கப்பூரில் உடற்குறையுள்ளோருக்கான தொண்டு அமைப்புகள் உதவி செய்தால் போதாதா? உரிமை, சமூக நீதி என்றெல்லாம் எதற்குப் பேச வேண்டும்?

போதாது. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது பழைய வீவக புளோக்கில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், ஏழாவது மாடி. மின்தூக்கி 1, 5, 9 ஆகிய மாடிகளில் மட்டும்தான் நிற்கும். தம்பிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. 90களின் கடைசியில் ஒரு தொண்டு அமைப்பு அவனுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தது. புத்தம் புதுசு, புகைப்படமெல்லாம் எடுத்தார்கள், அம்மா கண்கலங்கிக் கும்பிட்டார். மறுநாள் காலை அப்பா அவனை முதுகில் சுமக்க, நான் நாற்காலியை மடித்துத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஐந்தாம் மாடிவரை இறங்கினேன், ஒவ்வொரு படியிலும் அதன் கால்தாங்கி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. மழை பெய்தால் படி வழுக்கும், அன்றைக்குப் பள்ளிக்கூடம் மட்டம்.

கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மாடியைப் பற்றி யாரிடம் யார் போய்க் கேட்பது? எல்லா மாடியிலும் மின்தூக்கியை நிற்க வைக்கும் மேம்பாட்டுத் திட்டம் 2001ல் தொடங்கி, எங்கள் புளோக்குக்கு வந்து சேர்வதற்குள் அப்பாவின் முதுகு போய்விட்டது.

கேட்பதற்கென்றே ஓர் உலக அமைப்பு நம் ஊரில்தான் பிறந்தது, இது இங்கேயே பலருக்குத் தெரியாது. 1980ல் கனடாவின் வின்னிபெக் நகரில் உடற்குறையுள்ளோர் மறுவாழ்வுத் துறையினரின் உலக மாநாடு நடந்தது. நிர்வாகத்தில் எங்களுக்கும் சம இடம் கொடுங்கள் என்று உடற்குறையுள்ளோர் கேட்டார்கள், முடியாது என்றுவிட்டார்கள். சரி, உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அடுத்த ஆண்டே, 1981ல், சிங்கப்பூரில் கூடித் தங்களுக்கென்று சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ரான் சந்திரன் டட்லி, பார்வையற்றவர், சிங்கப்பூரர். 1986ல் இங்கே உடற்குறையுள்ளோர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

அதற்கு அடுத்த ஆண்டு எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பித்தபோது சக்கர நாற்காலிக்கு வழியே வைக்கவில்லை! இங்கே யாரும் பதாகை பிடித்துச் சாலையில் நிற்கவில்லை, அனுமதி இல்லாமல் நிற்கவும் முடியாது. கடிதம் எழுதுவது, குழுவில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அதையே சொல்வது, இதுதான் நம் ஊர்ப் போராட்டம். பல அமைப்புகள் அரசாங்க மானியத்தில் நடப்பதால் வாயை அளந்துதான் திறக்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: கட்டாயக் கல்விச் சட்டம் 2003ல் நடப்புக்கு வந்தது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை அதில் சேர்த்தது 2019ல்.

2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியது, உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்க்கக் கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. தம்பி வேலை செய்யும் இடத்தில் பதினொரு பேர். கழிவறை வாசலில் ஒரு படி இருக்கிறது, அவன் காலையில் கோப்பி குடிப்பதில்லை.