தொழில்நுட்பம் மனிதர்களின் திறமையையும் உறவையும் குறைத்துவிட்டதா?

நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன். இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டுப் படகை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

நயினா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) கட்டுமரத்தில் தொழில் கற்றவர். கடலடியில் மீன் அடையும் பாறைத்திட்டை 'பார்' என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க அவரிடம் இருந்தவை கண்ணும் ஒரு கயிறும்தான். ராயபுரம் இராயப்பர் ஆலயக் கோபுரமும் அதன் பின்னால் ஓர் உயரமான கட்டடமும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் அதேபோலச் சேர வேண்டும். சேர்ந்ததும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவார். குண்டின் அடியில் சோப்பு தடவியிருப்பார். அதில் ஒட்டிவருவது சேறா மணலா என்று விரலில் தேய்த்துப் பார்ப்பார். என் விரலிலும் தேய்த்துக் காட்டியிருக்கிறார்.

பிறகு அண்ணன் ஃபைபர் படகு வாங்கி ஜிபிஎஸ் வைத்தார். 2000 மே மாதம்வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை வைத்திருந்தது. இடம் 100 மீட்டர்வரை தவறும். சிறிய பாருக்கு அவ்வளவு தள்ளித் தூண்டில் போட்டால் வெறுங்கைதான். பிழை நீங்கிய பிறகு வந்த கருவி அண்ணனுடையது. நயினாவைக் கூட்டிப்போய், அவர் கைகாட்டிய இடங்களையெல்லாம் எண்களாகப் பதிந்துகொண்டார். ஒரே பகலில் பதினான்கு பார்கள்.

இதைக் குறை சொல்ல மாட்டேன். இருட்டிலும் பனிமூட்டத்திலும் கோபுரம் தெரியாது. திரும்ப வேண்டிய படகு வராமல் அம்மா கரையிலேயே உட்கார்ந்திருந்த இரவுகளை நான் மறக்கவில்லை.

என் வருத்தமெல்லாம், அந்த எண்கள் கிடைத்த பிறகு நயினாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான். காற்று, நீரோட்டம், தண்ணீரின் நிறம் என்று கருவியில் ஏறாதவை எத்தனையோ அவரிடம் இருந்தன. கேட்க ஆளில்லாமல் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். பல வருடங்கள்.

இப்போது அண்ணன் மகன் கடலுக்குப் போகிறான். கரை தெரியும் தூரம்வரை செல்போன் சிக்னல் கிடைக்கும். போன மாதம் விடியற்காலையில் நயினாவின் போன் ஒலித்தது.

"தாத்தா, சரியான இடத்தில்தான் நிற்கிறேன். தண்ணீர் வடக்கே இழுக்கிறது. வலை விடலாமா?"

நயினா பாயிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். காற்று எந்தப் பக்கம் படுகிறது என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கச்சான் காற்று அடிக்கிறது. தண்ணீர் தெளிவா, கலங்கலா? கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்."

மறுநாளும் அவன் அழைத்தான். அன்று போன் ஒலிப்பதற்கு முன்பே நயினா வாசலில் நின்றிருந்தார்.