கணிப்பானில் வந்த 52 சதவீதத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

பட்டர்வொர்த் வாசகி கேட்கிறார்: அப்பாவுக்கு 67 வயது. புற்றுநோய்க்காக இடது சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. எச்.பி.இ. (எடுத்த உறுப்பின் திசுப் பரிசோதனை) அறிக்கையில் பி.டி.3, ஹை கிரேட், எல்.வி.ஐ. உண்டு என்று இருக்கிறது. தம்பி, நோயின் போக்கைக் கணிக்கும் இணையக் கணிப்பானில் போட்டுப் பார்த்தான்; ஐந்தாண்டுக்கு 52 சதவீதம் என்று வந்தது. அப்பாவிடம் சொல்லலாமா?

பதில்: முதலில், அது எந்தக் கணிப்பான் என்று பாருங்கள். ‘கிட்னி கேன்சர்’ என்று தேடினால் பெரும்பாலும் சிறுநீரகச் சதையில் வரும் புற்றுக்கானதுதான் கிடைக்கும். அப்பாவுக்கு இருந்தது சிறுநீர்ப் பாதையின் உள்சவ்வில் வரும் யூரோதீலியல் புற்று என்றால் அந்த எண் செல்லாது. இரண்டிலும் பி.டி.3 என்றே எழுதுவார்கள், பொருள் வேறு. இங்கே அது, தசைச்சுவரைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்புக்கோ சிறுநீரகச் சதைக்கோ போய்விட்டது என்பதைக் குறிக்கும். ஹை கிரேட் என்பது வேகமாக வளர்ந்து பரவக்கூடிய வகை. எல்.வி.ஐ. என்பது ரத்த, நிணநீர் நாளங்களுக்குள் புற்றணுக்கள் புகுந்திருப்பது. கணிப்பை அதிகம் இழுப்பவை இவையும் நிணநீர்க்கணுவும்தான்.

கணு விஷயத்தில் தவறு எளிதில் நேரும். அறுவையில் கணு எடுக்காவிட்டால் அறிக்கையில் என்.எக்ஸ். (கணுவின் நிலை தெரியவில்லை) என்றிருக்கும். அதை என்.0 (கணுவில் புற்று இல்லை) என்று போட்டால் கணிப்பு உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

52 என்பது எதன் சதவீதம்? நோய் திரும்பாமல் இருப்பதா, இந்தப் புற்றால் இறக்காமல் இருப்பதா, எந்தக் காரணத்தாலும் இறக்காமல் இருப்பதா? மூன்றும் வெவ்வேறு. எதுவானாலும் அது இதே அறிக்கை உள்ள நூறு பேரைப் பற்றிய கணக்கு; அப்பாவின் ஆயுள் அல்ல. பல கணிப்பான்களில் அறுவைக்குப் பிந்தைய கீமோ சேர்வதும் இல்லை.

அந்தக் கீமோதான் இப்போது அவசரம். பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளியான பவுட் ஆய்வில், 261 பேரில் ஒரு பாதிக்கு அறுவை முடிந்து 90 நாளுக்குள் கீமோ தொடங்கினார்கள், நான்கு சுற்று. மூன்றாண்டில் நோய் திரும்பாதவர்கள் அவர்களில் 71 சதவீதம், வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 46. உங்களுக்கு 35 நாள் போய்விட்டது. ஒற்றைச் சிறுநீரகத்தின் ஜி.எஃப்.ஆர். (வடிகட்டும் திறனின் அளவு) எவ்வளவு என்று கேளுங்கள், கீமோ மருந்து அதைப் பொறுத்தது: அந்த ஆய்வில் 50-க்கு மேல் சிஸ்பிளாட்டின், 30 முதல் 49 வரை கார்போபிளாட்டின், 30-க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை.

சிறுநீர்ப்பையில் மறுபடி கட்டி வருவது தனிக் கணக்கு. நூறில் 22 முதல் 47 பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில். அதனால் அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோபியை (சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் சோதனை) தவறவிடாதீர்கள். வீட்டில் நாட்டு மருந்து பழக்கம் இருந்தால் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி இரண்டையும் உடனே நிறுத்துங்கள். இவற்றிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையும் கெடுக்கும், இதே புற்றையும் உண்டாக்கும். சில சீன மூலிகைகளிலும் அது உண்டு.

அப்பாவிடம் எண்ணை மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள். அறிக்கையையும் அடுத்த சிகிச்சையையும் சேர்த்துச் சொல்லுங்கள், இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள்.