பழைய ஃபோர்ஹேண்ட் ஏன் பிந்திப் போகிறது?

கேள்வி: வயது 43. வலக்கை ஆட்டக்காரன். கல்லூரி டென்னிஸ் அணிக்கு ஆடியவன். அதன் பிறகு 19 ஆண்டுகள் ராக்கெட்டைத் தொடவே இல்லை. இப்போது ஐந்து மாதங்களாக வாரத்தில் மூன்று நாள் ஆடுகிறேன். சர்வீஸும் பேக்ஹேண்டும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஒரு காலத்தில் நான் நம்பி ஆடிய ஃபோர்ஹேண்ட் (வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி) மட்டும் வர மறுக்கிறது. பயிற்சியாளர் கூடையிலிருந்து பந்தை எடுத்துப் போட்டால் நன்றாகவே அடிக்கிறேன். ஆட்டத்தில் வேகமாக வரும் பந்து வலப்பக்கம் விலகி, கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அதைத் திருத்தப் பார்த்தால் வலையில் விழுகிறது. காணொளிகளில் பார்த்தபடி மணிக்கட்டைச் சுழற்றி டாப் ஸ்பின் (பந்து முன்னோக்கி உருளும் சுழற்சி) கொடுக்க முயன்றேன். மணிக்கட்டு வலிதான் மிச்சம். கிரிப்பை (ராக்கெட்டைப் பிடிக்கும் முறையை) மாற்றவா, ராக்கெட்டை மாற்றவா, அடியையே முதலிலிருந்து கற்றுக்கொள்ளவா?

பதில்: மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு என்ன குறை என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. கூடையிலிருந்து போடும் பந்தை நன்றாக அடிக்கிறீர்கள் என்றால் அடி உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பந்து எப்போது வரும், எங்கே விழும் என்பது முன்பே தெரியும். அதனால் நேரம் கிடைக்கிறது. ஆட்டத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை. நீங்கள் பந்தைப் பிந்திச் சந்திக்கிறீர்கள், அவ்வளவுதான். வலப்பக்கம் விலகுவது, வெளியே போவது, வலையில் விழுவது, மணிக்கட்டு வலி எல்லாம் அந்த ஒரு பிந்தலின் பிள்ளைகள்.

எப்படி என்று பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் பந்தை உடலுக்கு முன்னால் சந்திக்காமல் இடுப்புக்கு நேராகவோ அதற்கும் பின்னாலோ சந்தித்தால், ராக்கெட்டின் முகம் இன்னும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் வானத்தையும் பார்க்கும். பந்து அந்தத் திசையில்தானே போகும்? இரண்டு பந்து வெளியே போனதும் கை தானாகவே ஒரு திருத்தத்தைக் கண்டுபிடிக்கிறது: கடைசி நொடியில் மணிக்கட்டைப் புரட்டி முகத்தை மூடுவது. ஒருநாள் அது பலிக்கும். மறுநாள் பந்து வலையில் இருக்கும். இப்படி ஒரு பிழையை இன்னொரு பிழையால் அடைக்கும் வேலையை நீங்கள் ஐந்து மாதமாகச் செய்துவருகிறீர்கள்.

இதை வார்த்தையால் நம்ப வேண்டாம். ஒரு நண்பரை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அடிக்கும் நிலையில் நின்று, ராக்கெட்டை வலது இடுப்புக்கு நேராக, பந்தைத் தொடும் வாக்கில் பிடியுங்கள். நண்பர் உள்ளங்கையை ஸ்டிரிங் மீது வைத்து உங்களை நோக்கித் தள்ளட்டும். மணிக்கட்டு உடனே பின்னால் மடங்கும். முழங்கையும் தோளும் அதைக் காப்பாற்றப் பதறும். இப்போது ராக்கெட்டை முன்னே கொண்டுவாருங்கள்: முன்னங்காலுக்குச் சற்று முன்பாக, இடுப்பு உயரத்தில். இடுப்பும் நெஞ்சும் வலையை நோக்கி ஓரளவு திரும்பியிருக்கட்டும். மறுபடியும் தள்ளச் சொல்லுங்கள். அதே தள்ளல்தான், இந்த முறை அதைத் தாங்குவது கால். கையில் பெரிய இறுக்கமே தேவைப்படாது. இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழகுங்கள். ஃபோர்ஹேண்டில் நான் வளைந்துகொடுக்காத ஒரே விஷயம் இந்த இடம். மற்றதில் ஆளுக்கொரு பாணி இருக்கலாம்.

அந்த இடத்துக்குச் சரியான நேரத்தில் ராக்கெட்டைக் கொண்டுவருவது எப்படி? இங்கே திரும்பிவரும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் கையை வேகமாக வீசப் பார்க்கிறார்கள். வீச்சு வேகம் போதாமல் யாரும் பிந்துவதில்லை. வீச்சைத் தொடங்குவதற்கு முந்திய வேலை பிந்துகிறது. 19 ஆண்டு இடைவெளியில் கை அடியை மறக்கவில்லை. கண்ணும் காலும் சேர்ந்து செய்யும் தயாரிப்புதான் மறந்துபோனது.

முதலில் ஒரு சிறு துள்ளல். எதிராளியின் ராக்கெட் பந்தைத் தொடும் நேரத்தில் உங்கள் இரு பாதங்களும் தரையில் இறங்க வேண்டும். ஸ்பிளிட் ஸ்டெப் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இருபது வயதில் அது தானாக வந்தது. இப்போது நீங்கள் அடித்த பந்து எங்கே போகிறது என்று நின்று வேடிக்கை பார்க்கிறீர்கள். (நான் முழங்கால் காயத்துக்குப் பிறகு திரும்பியபோது இதையேதான் செய்தேன். என் காணொளியைப் பார்த்தபோது நானே ஒரு பார்வையாளன் போலத் தெரிந்தேன்.) ஒரு எச்சரிக்கை: இத்தனை ஆண்டு துள்ளாத கெண்டைக்கால் முதல் வாரத்திலேயே சுளுக்கிக்கொள்ளும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உடலைச் சூடாக்காமல் இதை முயல வேண்டாம்.

அடுத்தது இடக்கை. ஃபோர்ஹேண்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வலக்கையையே பார்க்கிறார்கள். நான் இடக்கையைப் பார்ப்பேன். பந்து உங்கள் வலப்பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் இடக்கை ராக்கெட்டின் கழுத்தை விடாமல் பிடித்திருக்க, இரு தோள்களும் சேர்ந்து திரும்ப வேண்டும். கையைப் பின்னால் கொண்டுபோகிறோம் என்ற எண்ணமே வேண்டாம். உடல் திரும்பினால் ராக்கெட் கூடவே போய்விடும். பிறகு இடக்கை ராக்கெட்டை விட்டு, உடலுக்குக் குறுக்கே வலப்பக்கக் கோட்டை நோக்கி நீளும். இந்தத் திருப்பம் பந்து வலையைத் தாண்டும்போதே முடிந்திருக்க வேண்டும். கல்லூரி நாள்களில் வலக்கையைத் தனியாகப் பின்னுக்கு இழுத்து அடித்தவர் என்றால், அதே பழக்கம் இப்போது ராக்கெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துவிடும். அங்கிருந்து திரும்பி வரும் தூரம்தான் நீங்கள் இழக்கும் நேரம்.

செல்பேசியைப் பக்கவாட்டில் வைத்து இருபது நிமிட ஆட்டத்தைப் படம்பிடியுங்கள். பந்து உங்கள் பக்கத் தரையைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். ராக்கெட் பின்னால் தயாராக இருக்கிறதா, அல்லது இன்னும் வயிற்றுக்கு முன்னால் இருக்கிறதா? இதைத் தவிர வேறு எதையும் அந்தக் காணொளியில் பார்க்க வேண்டாம். பார்த்தால் பத்துக் குறை தெரியும். பத்தையும் ஒரே வாரத்தில் திருத்தக் கிளம்புவீர்கள்.

இப்போது மணிக்கட்டு. பந்து ஸ்டிரிங்கில் தங்கும் நேரம் சுமார் 5 மில்லி விநாடி. அதற்குள் பந்தின் மேல் ராக்கெட்டை உருட்ட எந்த மனிதராலும் முடியாது. டாப் ஸ்பின் பிறப்பது, ஏறக்குறைய நிமிர்ந்த முகத்தோடு ராக்கெட் பந்துக்குக் கீழிருந்து மேல்நோக்கி ஏறும் பாதையால். மெதுவாக ஓட்டிக்காட்டும் காணொளிகளில் பெரிய ஆட்டக்காரர்களின் மணிக்கட்டு பின்னால் மடங்கி, பிறகு பாய்ந்து வருவது தெரியும். அதை அவர்கள் செய்வதாக நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். ஈரத்துணியை உதறும்போது துணியின் நுனியை யாரும் தனியாக ஆட்டுவதில்லை. தோள் அசைந்தால் நுனி கடைசியில் வந்து சொடுக்குகிறது. அது போலத்தான் இதுவும். காலும் இடுப்பும் திரும்ப, தளர்ந்த கை பின்தங்கி வருகிறது. பிடியின் இறுக்கத்தை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிட்டால் நான்கில் வையுங்கள். உங்களுடையது இப்போது எட்டில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

மணிக்கட்டு வலி சுண்டுவிரல் பக்கமாக இருந்தாலோ, சாவி திருப்பும்போதும் குறையாமல் தெரிந்தாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு அடித்துப் பழகினால் வலியைத் தவிர்க்கும் ஓர் அடியைத்தான் உடல் கற்றுக்கொள்ளும்.

கிரிப்பை ஏன் மாற்ற வேண்டாம் என்கிறேன்? கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள். மேலே இருப்பதை ஒன்று என்று வைத்து வலப்பக்கமாக எண்ணினால், ஆள்காட்டி விரலின் அடிமுட்டு மூன்றாம் பட்டையில் அமர்வது ஈஸ்டர்ன், நான்காவதில் அமர்வது செமி வெஸ்டர்ன். கைகுலுக்குவது போலப் பிடித்துப் பழகியவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் பட்டைக்காரர்கள். நீங்களும் அப்படியாக இருக்கலாம். இன்றைய ஆட்டத்தில் செமி வெஸ்டர்ன்தான் அதிகம் என்பது உண்மை. ஆனால் ரோஜர் ஃபெடரர் தம் காலம் முழுவதும் ஈஸ்டர்னை ஒட்டிய பிடியோடுதான் ஃபோர்ஹேண்ட் ஆடினார்; அது பழங்காலப் பிடி என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நான்காம் பட்டைக்குப் போனால் பந்தைச் சந்திக்கும் இடம் இன்னும் முன்னே தள்ளிப்போகும். ஏற்கெனவே பிந்துகிறவர் கிரிப்பை மாற்றினால் இன்னும் பிந்துவார். முதலில் நேரம் சரியாகட்டும். அதற்குப் பிறகும் தோள் உயரத்துக்கு எழும் பந்து தொல்லை கொடுத்தால் அரைப் பட்டை நகருங்கள்.

ராக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்கள் பழைய கிராஃபைட் ராக்கெட் உடையாமல் இருந்தால் போதும். ஸ்டிரிங்கை மட்டும் உடனே மாற்றுங்கள். 1997இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ குயர்டன் பாலியஸ்டர் ஸ்டிரிங்கோடு பிரெஞ்சு ஓபனை வென்றதிலிருந்து அந்த வகைக்கு மவுசு ஏறி, இப்போது வார இறுதி ஆட்டக்காரர் கையிலும் அதுதான். விறைப்பான பொருள், வீச்சு வேகம் உள்ளவருக்குத்தான் பலன் தரும். உங்கள் மணிக்கட்டுக்கு மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த) ஸ்டிரிங், சற்றுத் தளர்வான இழுவிசை.

பழகும் முறைக்கு வருவோம். பத்து நிமிடம் இருவரும் சர்வீஸ் கோட்டில் நின்று அரைக் களத்தில் ஆடுங்கள். புள்ளியிட்ட பச்சைப் பந்து கிடைத்தால் நல்லது. அது வழக்கமான பந்தைவிட சுமார் 25 சதவீதம் மெதுவானது. குழந்தைகள் பந்து என்று வெட்கப்பட வேண்டாம். பந்து தரையில் விழும்போது ‘தரை’ என்றும், ராக்கெட்டில் படும்போது ‘அடி’ என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்துக் களத்தில் சிரிப்பார்கள். இரண்டு சொல்லுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒவ்வொரு பந்துக்கும் மாறுவதைக் காது சொல்லிவிடும். ‘அடி’ என்று சொன்ன பிறகு பந்து படுகிறதா, பட்ட பிறகு சொல்கிறீர்களா என்பதும் தெரியும். எத்தனையோ பாடங்கள் சொல்லியும் திருந்தாதவர்கள் இந்த இரண்டு சொல்லில் திருந்தியதைப் பார்த்திருக்கிறேன். அடி முடிந்ததும் ராக்கெட்டின் கழுத்தை இடத்தோளுக்கு மேல் இடக்கையால் பிடியுங்கள். பிடிக்க முடிகிறதென்றால் உடல் முழுதாகத் திரும்பியிருக்கிறது.

பிறகு களத்தின் பின்கோடான பேஸ்லைனுக்குப் போய் கிராஸ் கோர்ட்டில், அதாவது மூலைக்கு மூலை குறுக்காக, மட்டும் அடியுங்கள். வலையின் நடு உயரம் 0.914 மீட்டர், கம்பத்தருகே 1.07 மீட்டர். ஒற்றையர் களத்தின் நீளம் 23.77 மீட்டர், மூலைக்கு மூலை அளந்தால் 25 மீட்டருக்குச் சற்று அதிகம். குறுக்காக அடிக்கும்போது வலை 15 சென்டிமீட்டர் தாழ்கிறது, களம் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நீள்கிறது. பிழை பொறுக்கும் திசை இருக்கும்போது கோட்டை ஒட்டி நேராக அடித்துப் பெருமை தேடுவானேன்? வலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் பந்து கடக்கட்டும். உங்கள் பந்து இப்போது வலையை உரசியபடி போகிறது என்பது என் ஊகம். நெடுநாள் கழித்து வருபவர்கள் பழைய வேகத்தை நினைத்துக்கொண்டு தட்டையாகவே அடிப்பார்கள்.

மெதுவாக வரும் பந்தும் உங்களுக்குத் தொல்லைதான் என்றால் அங்கே பிழை வேறு. நேரம் நிறைய இருப்பதால் பந்துக்கு மிக அருகில் போய்விடுகிறீர்கள். முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்கிறது. காலைப் பெரிய எட்டாக இரண்டு முறை எடுத்துவைத்துவிட்டு, கடைசியில் சின்னச் சின்ன எட்டுகளாக நாலைந்து வையுங்கள். களத்தில் காலணி கீச்சிடும் சத்தம் கேட்க வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள் ஆடுகிறீர்களே, அதில் இரண்டு நாள் இப்படிப் பழகி, ஒரு நாள் மட்டும் செட் ஆடுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ஃபோர்ஹேண்ட் இப்போது இருப்பதைவிட மோசமாகத் தோன்றும். அப்போதுதான் பலர் கடைக்குப் போய்ப் புதிய ராக்கெட் வாங்குகிறார்கள். என் மாணவர்களில் உங்கள் வயதுக்காரர்களுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் பிடித்திருக்கிறது. அந்த ஒரு நாள் செட்டில் புள்ளிக் கணக்கை எதிராளி பார்த்துக்கொள்ளட்டும். பந்து தரையைத் தொட்டபோது ராக்கெட் பின்னால் தயாராக இருந்தது எத்தனை முறை என்று மட்டும் எண்ணுங்கள். எட்டாம் வாரம் அந்த எண்ணிக்கையோடு எழுதுங்கள், கிரிப்பைப் பற்றி அப்போது பேசலாம்.