நிர்வாகி கடவுச்சொல் தெரியாத லினக்ஸ் கணினியைத் திறப்பது எப்படி?

கேள்வி: கடலூர் முதுநகரில் ஐஸ் ஆலை நடத்துகிறோம். கணக்குகள் உள்ள டெபியன் லினக்ஸ் கணினியை அமைத்துத் தந்தவர் வெளிநாடு சென்றுவிட்டார். ரூட் எனப்படும் தலைமை நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் எங்களில் எவருக்கும் தெரியாது. அதை மீட்க வழி உண்டா?

பதில்: பழைய கடவுச்சொல்லை மீட்க இயலாது, அதற்குத் தேவையும் இல்லை. டெபியன் போன்ற லினக்ஸ் அமைப்புகள் கடவுச்சொல்லை உள்ளபடியே சேமிக்காமல், மூலத்தைக் கண்டறிய முடியாதவாறு உருமாற்றி, 'ஷேடோ' என்னும் கோப்பில் வைக்கின்றன. ஆகவே புதியதொன்றை அங்கே எழுதிவிடுவதே முறை. ஆனால் கணினியை இயக்கியவுடனேயே வட்டைத் திறக்கக் கடவுத்தொடர் கேட்கப்படுமானால், வட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டுள்ளது என்று பொருள். அத்தொடரும் தெரியாவிட்டால், அமைத்தவரைத் தொலைபேசியில் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படிக் கேட்கவில்லையென்றால், அல்லது அத்தொடர் தெரிந்திருந்தால், கணினியை மறுதொடக்கம் செய்து, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் 'கிரப்' நிரலின் பட்டியல் திரையில் தோன்றும் சில விநாடிகளுக்குள் ஆங்கில 'இ' (e) விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்ற சொல்லுடன் தொடங்கும் நீண்ட வரியில் 'ஆர்ஓ' (ro) என்றிருப்பதை 'ஆர்டபிள்யூ' (rw) என மாற்றி, வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, இனிட், சமக்குறி, சாய்கோடு, பின், சாய்கோடு, பாஷ் (init=/bin/bash) என்பவற்றை ஆங்கிலத்தில் இடைவெளியின்றிச் சேர்த்து, எஃப்10 விசையை அழுத்துங்கள். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே செல்லும் என்பதால் அஞ்ச வேண்டாம். முதல் மாற்றத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். அப்போது வட்டு படிக்க மட்டும் திறந்திருப்பதால், எத்தனை முறை முயன்றாலும் புதிய கடவுச்சொல் பதிவாகாது.

கடவுச்சொல் கேட்காமலே ரூட் உரிமையுடன் ஒரு கட்டளை வரி வந்து நிற்கும். 'பாஸ்வேர்டு' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓ, ஆர் ஆகிய இரண்டெழுத்தை விட்டுத் தட்டச்சு செய்தால் அதுவே கட்டளை. புதிய கடவுச்சொல்லை இருமுறை கேட்கும். தட்டச்சு செய்யும்போது திரையில் நட்சத்திரக்குறிகூடத் தெரியாது. எண்களை வலப்பக்க எண் விசைப்பகுதியில் அடிக்காதீர்கள். நம் லாக் அணைந்திருந்தால் வேறேதோ பதிவாகி, மறுபடியும் வெளியே நிற்க நேரிடும்.

டெபியனை நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெற்றாக விட்டிருந்தால் ரூட் கணக்கே பூட்டப்பட்டு, முதல் பயனருக்குச் சூடோ உரிமை, அதாவது நிர்வாகியின் அதிகாரத்துடன் கட்டளையிடும் உரிமை, வழங்கப்பட்டிருக்கும். அந்நிலையில் அதே கட்டளையை அப்பயனரின் பெயருடன் கொடுங்கள். என் கருத்தில் ரூட்டைத் திறப்பதைவிட இதுவே நல்லது.

முடிந்ததும் 'எக்ஸிட்' கொடுத்தால் இயக்குதளத்தின் மையமான கெர்னல் பதறி உறைந்துவிடும். எழுதியவற்றை வட்டில் பதியவைக்கும் 'சிங்க்' (sync) கட்டளையைக் கொடுத்தபின், 'ரீபூட்' கட்டளையை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் 'எஃப்' எழுத்தும் சேர்த்துக் (reboot -f) கொடுங்கள்.

உள்ளே நுழைந்தபின், ரூட், சூடோ பயனர் இருவரின் முகப்பு அடைவுகளிலும் 'எஸ்எஸ்எச்' (.ssh) என்னும் மறைந்த அடைவில் 'ஆத்தரைஸ்டு கீஸ்' (authorized_keys) கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடு சென்றவரின் மின்னணுச் சாவி அதில் இருந்தால், கடவுச்சொல் மாறிய பின்னும் வலையமைப்பு வழியே அவரால் நுழைய முடியும். அந்த வரியை நீக்கிவிடுங்கள்.