பெட்டிங் கம்பெனி நடத்தும் விளையாட்டுச் செய்தித் தளத்தில் எழுத்தாளர் வேலை கிடைத்தால் சேரலாமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: விளையாட்டுச் செய்தித் தளம் ஒன்று நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது, பின்னால் இருப்பது வெளிநாட்டு பெட்டிங் கம்பெனி, அந்த நாட்டில் அது சட்டப்படி நடக்கும் தொழில், சேர்ந்தால் பின்னாளில் பெயர் கெடுமா? மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஜர்னலிசம் படித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். இப்போது இருக்கும் இடத்தில் பத்தாம் தேதிக்கு மேல்தான் சம்பளம் வரும். "மேட்ச் பாக்குறதுக்கெல்லாம் எவன் காசு தருவான்" என்று வீட்டில் கேட்டவர்கள் இந்தத் தொகையைக் கேட்டதும் வாயடைத்துப் போயிருப்பார்கள். ஊகம் தப்பாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஒரு தமிழ் நாளிதழில் கிண்டி குதிரைப் பந்தயம் பற்றி எழுதித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

ரேஸ் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்காக ஒரு சின்ன வரலாறு. 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் போட்டது. 1986-இல் பந்தயத்தை நடத்தும் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது: குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த ஆட்டம், அதில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது. குதிரையின் வம்சம், உடல்நிலை, ஜாக்கியின் கை, சுமக்கும் எடை, ஓட வேண்டிய தூரம் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். சரி, எடைபோட வேண்டுமென்றால் யாராவது விவரம் கொடுக்க வேண்டுமே. அந்த விவரம் கொடுப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

விடியும் முன்னால் கிண்டியில் இருக்க வேண்டும். குதிரைகளை மணல் தடத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள்; ட்ராக் வொர்க் என்போம். அந்த நேரத்தில் குதிரை மேல் நம்பர் துணி எல்லாம் இருக்காது. நெற்றியில் வெள்ளை எவ்வளவு நீளம், எந்தப் பின்னங்காலில் வெள்ளை, யார் மேலே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்துத்தான் இன்ன குதிரை என்று சொல்ல முடியும். 600 மீட்டர் கம்பத்தைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தினால் 40 விநாடியில் வந்ததா 44 விநாடியில் வந்ததா என்று தெரியும். அது மட்டும் போதாது. 40-இல் வந்த குதிரையை மேலே உட்கார்ந்திருக்கும் பையன் சாட்டையால் விரட்டியிருப்பான். 44-இல் வந்தது கடிவாளத்தைப் பிடித்து இழுத்தும் அடங்காமல் வந்திருக்கும். மறுநாள் பேப்பரில் "நன்றாக ஓடியது", "தூண்டப்பட்டது", "எளிதாக வந்தது" என்று நான் போடும் இரண்டு சொல்லில் அவ்வளவும் இருக்கும். படிக்கிறவனுக்குப் புரியும்.

ரேஸால் குடும்பம் அழியவில்லையா என்று கீழே கமெண்டில் கேட்கத்தான் போகிறீர்கள். அழிந்திருக்கிறது. மூன்றாவது ரேஸிலேயே சம்பளக் கவரைக் காலி செய்துவிட்டு பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டவர்களை எனக்கே தெரியும். நான் ரேஸை வெள்ளையடிக்க வரவில்லை. என் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும்தான் சொல்ல வருகிறேன். டோட் என்கிற கிளப்பின் பந்தயக் கவுண்டரில் கட்டுகிற பணம் ஒரே குவியலாகச் சேரும். கிளப்பின் பங்கும் வரியும் போக மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். எந்தக் குதிரை ஜெயித்தாலும் கிளப்புக்கு ஒன்றுதான். எனக்கோ பேப்பரில் மாதச் சம்பளம். நான் சொன்ன குதிரைகள் தொடர்ந்து மண்ணைக் கவ்வினால் வாசகன் அடுத்த பேப்பருக்குப் போவான், எடிட்டர் என்னைக் கூப்பிட்டு முறைப்பார். ஆக வாசகன் ஜெயித்தால்தான் எனக்கும் நல்லது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பேப்பரில் ரேஸ் பக்கத்தை நிறுத்திய பிறகு, நீங்கள் சொல்வது போன்ற ஒரு தளத்திலிருந்து எனக்கும் போன் வந்தது. பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். கிரிக்கெட் மேட்சுக்கு முன்னோட்டம், பிட்ச் எப்படி, யார் ஃபார்மில் இருக்கிறார்கள், வாரத்துக்கு இத்தனை கட்டுரை. குறைந்தபட்சம் ஒரு தொகை நிச்சயம். அதற்கு மேல், என் கட்டுரையில் இருக்கும் லிங்க் வழியாகப் போய்ப் பணம் போடுகிற ஒவ்வொருவர் கணக்கிலும் எனக்குப் பங்கு.

"எதுல தம்பி பங்கு?" என்று கேட்டேன்.

"நெட் ரெவின்யூல சார்."

"அது என்ன ரெவின்யூ? அவன் போடற பணமா?"

கொஞ்சம் தயங்கினான். "அவங்க லாஸ் பண்றதுல சார்."

"அவன் ஜெயிச்சிட்டா?"

"அந்த மாசம் உங்க கணக்கு மைனஸ்ல போகும் சார். கவலைப்படாதீங்க, அடுத்த மாசம் அவங்க தோத்து சரியாயிடும்."

அவன் பொய் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இது பரவலாக இருக்கும் நடைமுறைதான் என்று பிறகு விசாரித்தபோதும் தெரிந்தது. என் கட்டுரையை நம்பி ஒருத்தன் ஜெயித்தால் எனக்கு அது கடன்! வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணத்தேவை இல்லாத பெரிய மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள், அப்போது ரொம்பவே இருந்தது. ஆனால் பிட்ச் வறண்டிருக்கிறது, ஸ்பின் எடுக்கும் என்று எனக்குத் தெரிந்ததை அந்தக் கணக்கோடு உட்கார்ந்து எப்படி எழுதுவது?

"அங்கே சட்டப்படி நடப்பதுதானே" என்கிறீர்கள். அமெரிக்காவில் 2018 மே மாதம்தான் சுப்ரீம் கோர்ட் விளையாட்டு பெட்டிங் மேலிருந்த பழைய தடையை நீக்கியது. அதன் பிறகு மாநிலம் மாநிலமாக அனுமதி வந்தது. அங்கேயே 2023-இல் என்பிஏ டிராஃப்ட் அன்று, அதாவது கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், நடந்ததைப் பாருங்கள். ஒரு பெட்டிங் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்த பிரபல நிருபர், இரண்டாவது இடத்தில் இன்ன ஆட்டக்காரருக்கு வாய்ப்பு கூடுகிறது என்று ட்வீட் போட்டார். அந்த ஆட்டக்காரர்தான் வருவார் என்பது போல பந்தய விகிதம் மளமளவென்று மாறியது. கடைசியில் எடுத்தது வேறொருவரை. நிருபர் கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருப்பார், கம்பெனியும் தனக்கு முன்கூட்டியே ஒன்றும் தெரியாது என்றது. ஆனாலும் அவர் எந்தப் பக்கம் நின்று எழுதினார் என்று ஊரெல்லாம் கேட்டது. உங்களையும் அப்படிக் கேட்பார்கள்.

நம் ஊர்ச் சட்டம் இன்னும் நேரடியானது. 2022-லேயே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், செய்தித் தளம் என்ற பெயரில் பெட்டிங் கம்பெனிகள் மறைமுக விளம்பரம் செய்கின்றன என்று அறிவுரைக் கடிதம் வெளியிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும் கூடாது என்கிறது. விளம்பரத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் என்று எழுதியிருக்கிறது. கட்டுரைக்குள் வைக்கிற லிங்க் விளம்பரமா இல்லையா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். நான் வக்கீல் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுத உட்கார்ந்தாகிவிட்டது. அத்தனை வருஷமும் என் பெயர் பேப்பரில் வந்ததில்லை, "நமது பந்தய நிருபர்" தான். கிரிக்கெட் எழுதுகிறவருக்கு லார்ட்ஸுக்கு விமான டிக்கெட். எனக்கு ஸ்டாப்வாட்ச் பேட்டரி என் செலவு. ஒரு சினிமா விளம்பரத்துக்கு இடம் பத்தவில்லை என்று ரேஸ் கார்டில், அதாவது ஓடும் குதிரைகளின் பட்டியலில், எடை வரிசையை அப்படியே வெட்டி எறிந்தார் ஒரு சப் எடிட்டர். குதிரையின் திறமைக்கு ஏற்ப எடை சுமத்தும் ஹேண்டிகேப் ரேஸில் எடை இல்லாத கார்டு எதற்கு ஆகும்? மறுநாள் காலை திட்டு வாங்கியது போன் எடுத்த நான். "குடும்பப் பத்திரிகையில் ரேஸ் எதற்கு" என்று பக்கத்தை மூடிய அதே நிர்வாகம், பிறகு முதல் பக்கம் முழுக்கப் பணம் கட்டி ஆடும் ஃபேன்டஸி கிரிக்கெட் ஆப் விளம்பரம் போட்டது. அதில் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

சரி. சேரலாமா கூடாதா என்று ஒரே சொல்லில் நான் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டு வாடகையை நான் கட்டப்போவதில்லை. ஆஃபர் லெட்டரில் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். "ரெவின்யூ ஷேர்", "டெபாசிட்" என்று எங்காவது வந்தால் நான் மேலே சொன்ன மாதிரி பேரமாக இருக்கலாம். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் மாதச் சம்பளம் என்றால், கட்டுரையில் லிங்க் வைப்பது யார், உங்கள் பெயர் போடுவார்களா என்று மெயிலில் கேளுங்கள். போனில் சொல்வதை நம்ப வேண்டாம். புரியவில்லை என்றால் கம்பெனி பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை பெண் வீட்டில் இருப்பேன், பதில் கொஞ்சம் தாமதமாகலாம்.