கேம்பர் பஸ்ஸின் கழிவுத் தொட்டி ஏன் நாறுகிறது?

கேள்வி: ஐயா, நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய ரோசா மினி பஸ்ஸை வாங்கி, கட்டில், அடுப்பு, டொய்லட், ஷவர் எல்லாம் பூட்டி கேம்பராக வாடகைக்கு விடுகிறோம். ஊர் ஹட்டன். டொய்லட் தொட்டி 60 லீட்டர், குசினி, ஷவர் தண்ணீர் போகும் தொட்டி 80 லீட்டர். கினிகத்தேனை வளைவுகளில் இறங்கினால் பஸ்ஸுக்குள் இருக்க முடியாத நாற்றம். தொட்டியைத் திறந்துவிட்ட பிறகும் மீட்டர் நிறைந்திருப்பதாகவே காட்டுகிறது. பிளீச்சிங், டொய்லட் கழுவும் திராவகம் எல்லாம் ஊற்றினோம். இரண்டு நாள் நல்லது, பிறகு பழைய கதைதான். வீட்டில் நிறுத்தும் நாட்களில் ஹோஸை மலக்குழிக்குக் கொடுத்து வால்வைத் திறந்தே வைக்கிறோம். ஓட்டத்தில் நிறைந்தால் எங்கே இறக்குவது என்பதும் தெரியவில்லை. இரவில் ஆற்றோரம் பார்த்துத் திறந்துவிடச் சொல்கிறார்கள் சிலர்.

பதில்: முதல் வேலையாக அந்த இரண்டு போத்தலையும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுங்கள் தம்பி. மிச்சத்தைப் பிறகு பேசலாம். பிளீச்சிங்கும் திராவகமும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். திராவகமே இல்லாவிட்டாலும், பழைய சிறுநீரில் இருக்கும் அமோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் அதுவும் நெஞ்சை அடைக்கும் வாயுதான். ஒரு அலுமாரி அளவு டொய்லட்டுக்குள் குனிந்து நிற்பவருக்கு அது விளையாட்டல்ல. போதாததற்கு வால்வின் ரப்பரையும் அது கெடுக்கும். கடைசியில் மலக்குழிக்குப் போய், அங்கே கழிவைத் தின்று கரைக்கும் பக்டீரியாக்களையும் கொன்றுவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதிய தொல்லைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனால் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: தண்ணீர் போதவில்லை. மலைப்பாதையில் பாரம் குறைய வேண்டும், நல்ல தண்ணீர் மிஞ்ச வேண்டும் என்று எல்லோரும் ஃபிளஷ் தண்ணீரில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். நானும் பிடித்திருக்கிறேன்.

நான் முதன்முதல் பூட்டிக் கொடுத்த வண்டியை ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வளவில் இரண்டு வாரம் நிறுத்தியிருந்தார்கள். உங்களைப் போலவே ஹோஸ் மலக்குழிக்குள், வால்வ் திறந்தபடி. வழிந்துகொண்டே இருக்கும், நிறையவே நிறையாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். பதினைந்தாம் நாள் அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். டொய்லட் கிண்ணத்தின் அடித்தட்டைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்க்கு நேர் கீழே கறையான் புற்று மாதிரி ஒன்று எழும்பி நின்றது. உச்சி கிண்ணத்தைத் தொட ஒரு சாண் பாக்கி. சுற்றிவரத் தொட்டி காய்ந்து கிடந்தது. வால்வ் திறந்திருந்ததால் தண்ணீர் மட்டும் உடனுக்குடன் வழிந்து போய், கெட்டியானது விழுந்த இடத்திலேயே தங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவிட்டது.

ஆகவே டொய்லட் தொட்டியின் வால்வ் எப்போதும் மூடியே இருக்க வேண்டும், வீட்டில் நிற்கும்போதும் சரி. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு ஒரே இழுவையில் திறக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் பாரமும் வேகமும்தான் கெட்டியானதை அள்ளிக்கொண்டு போகும். கால்வாசியில் திறந்தால் தண்ணீர் போய்விடும், மற்றது நிற்கும். காலி செய்த கையோடு எட்டு, பத்து லீட்டர் சுத்தத் தண்ணீரை உள்ளே விட்டு, அடித்தளம் முழுக்க மூழ்கியிருக்கும்படி வையுங்கள். அடுத்த ஓட்டம் வெறும் தரையில் தொடங்கக் கூடாது. இப்படிப் பாவித்தால் உங்கள் 60 லீட்டர், நாலு பேருக்கு இரண்டு நாள்தான் தாங்கும். அதைச் சொல்லியே வாடகைக்குக் கொடுங்கள்.

ஏற்கெனவே புற்று கட்டியிருந்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், தொட்டி பிளாஸ்டிக். வால்வை மூடி, முக்கால்வாசிக்குக் குளிக்கிற பதத்தில் சுடுதண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய்ப் பொருத்துகள் நெகிழ்ந்துவிடும். ஒரு இரவு ஊறட்டும். காலையில் அப்படியே பஸ்ஸை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து திறங்கள். ஐஸ் கட்டி போட்டு ஓட்டினால் தொட்டி உரசிச் சுத்தமாகும் என்று இணையத்தில் ஒரு வைத்தியம் உலாவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐஸ் கரைந்துவிடும், மிச்சம் வேலை செய்வது தண்ணீரும் குலுக்கலும்தான். குலுக்கலுக்கு நம் பாதையில் என்ன குறை? நுவரெலியா வண்டியை ரம்பொடை வளைவுகளில் ஏற்றி இறக்கினோம். மூன்று தடவையில் புற்று போய்விட்டது.

மீட்டர் பிரச்சினையும் இதன் வாலைப் பிடித்ததுதான். பெரும்பாலான தொட்டிகளில் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் சிறு ஆணிகள் இருக்கும். தண்ணீர் ஆணியைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்து மீட்டர் ஏறும். அந்த ஆணியில் பேப்பரோ அழுக்குப் படலமோ ஒட்டினால் ஈரத்தில் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். தொட்டி காலியானாலும் மீட்டர் இறங்காது. மேலே சொன்ன ஊறலை மாதம் ஒரு தடவை செய்தால் பாதிக்கு மேல் சரியாகும். மேட்டுப் பள்ளத்தில் சாய்ந்து நிற்கும்போது காட்டும் கணக்கும் பொய்தான். என்னைக் கேட்டால் டொய்லட் தொட்டிக்கு மீட்டரைவிட டோர்ச்சையே நம்புவேன்.

பேப்பர் விஷயத்தில் நம்மவர்களால் தொல்லை குறைவு, தண்ணீர் பாவிப்பவர்கள். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் எந்தப் பேப்பர் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு துண்டைப் போத்தலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்குங்கள். நார்நாராகப் பிரிந்தால் வைக்கலாம், முழுத்துண்டாக மிதந்தால் வேண்டாம். ஈர டிஷ்யூவும் நப்கினும் எந்தக் காரணத்துக்கும் உள்ளே போகக் கூடாது. மூடியுள்ள ஒரு வாளி வையுங்கள்.

சரி, வளைவு நாற்றம். அது பெரும்பாலும் டொய்லட்டிலிருந்து வருவதில்லை. ஷவர், சிங்க் அடியில் குழாய் வளைந்து கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்குமல்லவா, அந்தத் தண்ணீர்தான் தொட்டி வாயுவுக்குக் கதவு. கொழும்புப் பாதையில் அது நிற்கும். கினிகத்தேனை இறக்கத்தில் இடமும் வலமும் ஆடி, அரை மணித்தியாலத்தில் தொட்டிக்குள்ளேயே சிந்திவிடும். ஷவரின் வளைவு ஆழம் குறைந்தது, அதுதான் முதலில் காலியாகும். அப்புறம் யாராவது ஜன்னலைத் திறப்பார்கள், அல்லது கூரை ஃபேனைப் போடுவார்கள். உள்ளே காற்றழுத்தம் குறைந்து, வாயு நேராக மேலே இழுபடும். ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் ஒவ்வொரு துவாரத்திலும் அரை லீட்டர் தண்ணீர் ஊற்றுவது பழக்கமாகட்டும். டொய்லட் தட்டைத் திறக்குமுன் ஃபேனை நிறுத்துங்கள். கிண்ணத்தில் எப்போதும் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் தட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நாறினால் கூரை மேல் ஏறிப் பாருங்கள். தொட்டியின் காற்றுக் குழாய் அங்கேதான் முடிகிறது. தேயிலை மலைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் அந்தக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டுவதை நானே இரண்டு தடவை கண்டிருக்கிறேன். கம்பி வலைத் துண்டு ஒன்று சுற்றிவிட்டால் தீர்ந்தது.

குசினித் தொட்டியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நாற்றத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்று பந்தயம் கட்டுவேன். மலையில் காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, அடுப்போரம் வைத்து உருக்கித்தான் எடுப்போம். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். சொதியும் பால்கறியும் சாப்பிட்ட தட்டைச் சிங்கில் கழுவினால், அந்த எண்ணெய் குளிர்ந்த தொட்டிக்குள் போய் வெள்ளையாகச் சுவரில் அப்பிக்கொள்கிறது. அதில் சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப்பூவும் கறிவேப்பிலையும் ஒட்டி அழுகத் தொடங்கினால் டொய்லட் தொட்டியே தேவலை என்றிருக்கும். சிங்குக்குக் கண்ணறை சின்னதான ஒரு வடி போடுங்கள். தட்டுகளைப் பழைய பத்திரிகைத் துண்டால் துடைத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை, சூடாக ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, சூடு ஆறுமுன் இறக்குங்கள். ஆறவிட்டால் உருகியது திரும்பவும் சுவரிலேயே உறையும்.

கடையில் பக்டீரியாப் பொடி விற்கிறார்கள், வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பிளீச்சிங்கைவிட ஆயிரம் மடங்கு நல்லது, ஆனால் அது சூட்டு ஊர்ச் சரக்கு. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், தைமாதம் புல்லில் பூம்பனி பிடிக்கும் இரவுகளில், அந்தப் பக்டீரியாவும் போர்த்திக்கொண்டு தூங்கும். வாங்கினால் ஃபோமல்டிஹைட் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அது மலக்குழியின் பக்டீரியாக்களைக் கொல்லும்.

இறக்கும் முறை சிரமமில்லை. வெளிவாய் இருக்கும் பக்கம் சற்றுத் தாழும்படி பஸ்ஸை நிறுத்துங்கள். கையுறை போட்டு, ஹோஸை இறுகப் பூட்டி, முதலில் டொய்லட் தொட்டி, அது முடிந்த பிறகு குசினித் தொட்டி. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸைக் கழுவிவிடும். பிறகு டொய்லட் தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு மீண்டும் இறக்குங்கள், தெளிவாக வரும்வரை. கழிவுக்குப் பாவிக்கும் ஹோஸும் குடிதண்ணீர் பிடிக்கும் ஹோஸும் ஒரே பெட்டிக்குள் இருக்கவே கூடாது. வேறு வேறு நிறத்தில் வாங்குங்கள். வால்வ் இறுகினால் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். கராஜ் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

எங்கே இறக்குவது? வெளிநாட்டில் போல சாலையோரக் கழிவு நிலையத்தை நம்பி இங்கே புறப்பட முடியாது. ஆற்றோர யோசனை சொன்னவர்கள் மலையைத் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு சரிவின் கீழும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம் இருக்கிறது, லயத்துக்குத் தண்ணீர் விழும் ஒரு பீலி இருக்கிறது. குளிப்பதும் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். நீங்கள் இரவில் மேலே திறந்துவிட்டால் காலையில் கீழே ஒரு பிள்ளை அதைக் குடத்தில் பிடிக்கும். நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் அப்படித்தான் வருகின்றன. நல்லதண்ணிப் பக்கத்து ஓடைகள் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன, டிக்கோயாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீக்கு. இரண்டும் களனி கங்கையின் தலைநீர். கொழும்புக்காரர் குடிக்கும் தண்ணீரை அம்பத்தலையில் அந்தக் கங்கையிலிருந்துதான் எடுக்கிறார்கள். அனுமதியின்றி நீர்நிலையில் கழிவு விடுவது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டப்படி குற்றமும்கூட.

செய்யக்கூடியது இதுதான். உங்கள் ஓட்டம் போகும் ஊர்களில் பெரிய மலக்குழி உள்ள இரண்டு மூன்று கெஸ்ட் ஹவுஸ்களோடு பேசி, ஒரு தொகை தீர்த்துக்கொள்ளுங்கள். கழிவில் மருந்து எதுவும் கலப்பதில்லை என்று சொன்னால் சம்மதிப்பார்கள், அவர்கள் பயப்படுவது அதற்குத்தான். டொய்லட் தொட்டியை மட்டும் குழிக்குள் மெதுவாக விடுங்கள். குசினித் தண்ணீர் 80 லீட்டரையும் அதற்குள்ளேயே கொட்டினால் குழி சீக்கிரம் நிறையும். கடைசியில் ஹோஸ் கழுவ ஒரு வாளி அளவு போதும், மிச்சத்தை அவர்களது கழிவுநீர் உறிஞ்சு குழிக்கு விடுங்கள். இடம் சரியா என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வீட்டுக் குழிக்கு பிரதேச சபையிலோ நகர சபையிலோ காசு கட்டி, மலக்குழியை உறிஞ்சி எடுக்கும் கல்லி பவுசரை எடுக்கலாம். அதைப் பங்குனியிலேயே சொல்லி வையுங்கள். ஏப்ரல் சீசன் வந்தால் எல்லா கெஸ்ட் ஹவுஸ்களின் குழியும் ஒரே வாரத்தில்தான் நிறையும்.